கிணத்து மேல நிக்கிற கோயிலும் நம்ம வீட்டு சுண்ணாம்புக் காரையும்

போன மாசம் இந்தப் பக்கத்துல சுண்ணாம்புப் பூச்சு பத்தி பேசுறப்ப ஒரு உதாரணத்துக்காக சென்னை எழும்பூர்ல இருக்குற செயின்ட் ஆண்ட்ரூஸ் கிர்க் பத்தி நாலு வரி எழுதியிருந்தேன். ஸ்காட்லாந்துக்காரங்க கட்டின பழைய பிரஸ்பிடேரியன் கிறிஸ்தவக் கோயில், கிணறுங்க மேல நிக்குது, 200 வருசம் தாண்டிடுச்சு, அதோட பூச்சும் நம்ம வீட்டுப் பூச்சும் அண்ணன் தம்பின்னு. அந்த நாலு வரிக்குத்தான் இவ்வளவு கடிதம், இவ்வளவு வாட்ஸப். காரைக்குடி, தேவகோட்டை, கோனாபட்டு, பள்ளத்தூர்னு எல்லா பக்கமிருந்தும் கேட்டிருக்கீங்க. அதுனால இந்த மாசம் வேற எதுவும் இல்ல, இது மட்டும்தான்.

நாப்பது வருசமா ரயில்ல எழும்பூர் போறேன் வரேன். ஸ்டேஷனுக்குப் பின்னாடி பூந்தமல்லி ஹைரோடு பக்கம் மரத்துக்கு மேல வெள்ளையா கூர்கோபுரம் ஒண்ணு தெரியும். நீங்க எழுதினது அதைத்தானா? யார் கட்டினது, எதுக்கு கட்டினது?
*வாசகர், காரைக்குடி*

அதேதான் அண்ணே. ஸ்காட்லாந்து பேச்சுல கிர்க்னா சர்ச், அவ்வளவுதான் அர்த்தம். செயின்ட் ஆண்ட்ரூங்கிறது பைபிள்ல வர்ற அந்திரேயா, பேதுருவோட தம்பி, ஸ்காட்லாந்துக்கு அவர்தான் காவல் புனிதர். அதான் அவங்க எங்க போனாலும் கோயிலுக்கு அந்தப் பேரை வச்சிருக்காங்க.

கிழக்கிந்திய கம்பெனியில ஸ்காட்லாந்துக்காரங்க ஏகப்பட்ட பேர், வியாபாரி, பட்டாளத்து ஆபீசர், டாக்டர்னு. ஆனா கம்பெனி சம்பளம் குடுத்து வச்சிருந்த பாதிரியார் எல்லாம் இங்கிலாந்து சர்ச்சை சேர்ந்தவங்க. எங்க முறைப்படி கும்பிட எங்களுக்கும் ஆள் வேணும்னு ஸ்காட்லாந்துல இருந்து குரல் வந்து, 1813ல கம்பெனி சாசனத்தைப் புதுப்பிச்ச சமயத்துல வழி பிறந்துச்சு, கல்கத்தா, பம்பாய், மெட்ராஸ் மூணுக்கும் ஒவ்வொரு ஸ்காட்டிஷ் பாதிரியார். மூணு ஊர்லயும் செயின்ட் ஆண்ட்ரூ பேர்லயே கோயில் எழும்பினது அப்படித்தான். கல்கத்தாவுல இங்கிலாந்து பிஷப்புக்கும் ஸ்காட்டிஷ் பாதிரியாருக்கும் கோபுரம் வைக்கிறதுல பெரிய மனஸ்தாபம், நீங்க எல்லாம் கூர்கோபுரம் வைக்கக்கூடாதுன்னு அவர் சொல்ல, இவர் வச்சதோட நிக்காம உச்சியில ஒரு சேவலையும் வச்சார்னு இன்னைக்கும் அந்த ஊர்ல கதை சொல்றாங்க.

நம்ம மெட்ராஸ் கிர்க்குக்கு 1818 ஏப்ரல் 6ல அடிக்கல் போட்டாங்க, 1821 பிப்ரவரி 25ல திறந்தாங்க. மூணு வருசம் கூட முழுசா ஆகல. நம்ம பக்கம் ஒரு பெரிய வீட்டுக்கு நிலை வச்சதுலேர்ந்து புதுமனை புகுறதுக்கே அதைவிட அதிகமா ஆன வீடு எத்தனை இருக்கு, நினைச்சுப் பாருங்க.

கட்டினவர் தாமஸ் ஃபியாட் டி ஹாவிலாண்ட், மெட்ராஸ் பட்டாளத்து இஞ்சினியர், மேஜர். இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவுல இருக்குற கெர்ன்சி தீவுக்காரர். எனக்கு இந்த மனுசன் மேல ரொம்ப மரியாதை. செங்கல்லையும் சுண்ணாம்பையும் இவ்வளவு நம்பின ஆளை நான் வேற எங்கயும் பாக்கல. காவிரிக்கு பாலம் போட செங்கல் வளைவே போதும்னு காட்டுறதுக்காக ஸ்ரீரங்கப்பட்டணத்துல 100 அடிக்கு மேல அகலமா ஒத்தை செங்கல் வளைவு ஒண்ணை சும்மா தரையில கட்டி நிறுத்தினார். மேல ஏறி குதிச்சா அதிருமாம், ஆனா விழாது. 100 வருசத்துக்கு மேல நின்னு 1930கள்லதான் விழுந்துச்சு. மெட்ராஸ் கதீட்ரல் ரோட்டுல இருக்குற செயின்ட் ஜார்ஜ் கதீட்ரல் கட்டினதும் இவர் மேற்பார்வைதான்.

கிர்க்கோட முன்பக்கமும் கோபுரமும் லண்டன்ல இருக்குற செயின்ட் மார்ட்டின் இன் த ஃபீல்ட்ஸ் கோயில் சாயல். அதை வரைஞ்ச ஜேம்ஸ் கிப்ஸ் முதல்ல வட்டமா ஒரு பிளான் போட்டுக் குடுத்தார், செலவு ஜாஸ்தின்னு லண்டன்ல அதை வேணாம்னுட்டாங்க. இங்க எழும்பூர்ல நடு மண்டபம் வட்டமாவே வந்துச்சு, குறுக்களவு 81 அடி சொச்சம், கிழக்கயும் மேற்கயும் செவ்வகமா ரெண்டு பக்கம் நீட்டிக்கிட்டு. கோபுரம் 166 அடிக்கு மேல. மதுரை தெற்கு கோபுரத்தை அண்ணாந்து பாத்த கண்ணுக்கு உயரம் புரியும், கிட்டத்தட்ட அதே அளவு.

பிரஸ்பிடேரியன்னா என்ன? எங்க பக்கம் ஆர்.சி., சி.எஸ்.ஐ. ரெண்டுதான் தெரியும்.
*வாசகி, தேவகோட்டை*

ஆமா ஆச்சி, நம்ம பக்கம் ஓரியூர், சருகணி, இடைக்காட்டூர்னு கத்தோலிக்கக் கோயில்தான் பேர் பெத்தது. பிரஸ்பிடேரியன்ங்கிற பேர் மூப்பர்ங்கிற கிரேக்க வார்த்தையிலேர்ந்து வந்தது. பிஷப்னு ஒருத்தர் மேல உக்காந்து முடிவு பண்ற முறை அவங்ககிட்ட கிடையாது, சபை தேர்ந்தெடுக்குற மூப்பர்களும் போதகரும் சேர்ந்து உக்காந்து பேசித்தான் எதையும் தீர்மானிப்பாங்க. நம்ம ஊர்ல நகரத்தார் கூடி காரியக்காரரை வச்சு கோயில் காரியம் பாக்குற மாதிரி நினைச்சுக்கோங்க, சாமி வேற, சாங்கியம் வேற, ஆனா கூடிப் பேசுற அந்த ஏற்பாடு ஒரே சாடை.

கும்பிடுற இடத்துலயும் இது தெரியும். சிலை, படம்லாம் பெருசா இருக்காது, பிரசங்கம்தான் முக்கியம், அதுனால எல்லாரும் போதகரைப் பாத்த மாதிரி உக்காரணும். வட்ட மண்டபம் அதுக்கு பொருந்தி வந்துச்சுன்னு நான் நினைக்கிறேன். பின்னாடி 1908ல பிரஸ்பிடேரியன் சபைகளும் காங்கிரிகேஷனல் சபைகளும் ஒண்ணா சேர்ந்து தென்னிந்திய ஐக்கிய சபை ஆச்சு. 1834லயே மதுரைக்கு வந்த அமெரிக்கன் மிஷன் சபைகளும் அதுல உண்டு. 1947 செப்டம்பர் 27ல ஆங்கிலிக்கன் (அதான் இங்கிலாந்து சர்ச்காரங்க), மெதடிஸ்ட் எல்லாரும் கூட சேர்ந்து சி.எஸ்.ஐ., அதாவது தென்னிந்தியத் திருச்சபை, உருவாச்சு, அந்த விழா நடந்ததே நான் மேல சொன்ன செயின்ட் ஜார்ஜ் கதீட்ரல்லதான். கிர்க்கும் இப்ப சி.எஸ்.ஐ. சென்னை பேராயத்துலதான் இருக்கு. ஆக நீங்க சொன்ன அந்த ரெண்டுல ஒண்ணுக்குள்ளயே பிரஸ்பிடேரியனும் இருக்கு ஆச்சி.

சிவில் மூணாவது வருசம் படிக்கிறேன். அந்த சர்ச்சை கிணறு மேல கட்டியிருக்காங்கன்னு எழுதியிருந்தீங்க. அது எப்படி சார் நிக்கும்? எங்க ஹாஸ்டல்ல சொன்னா யாரும் நம்பல.
*மாணவர், கொத்தமங்கலம்*

தம்பி, நீ கேட்டதுக்கு ரொம்ப சந்தோசம், இதைத்தான் நான் விரிவா எழுதணும்னு காத்துக்கிட்டு இருந்தேன்.

எழும்பூர்ல அந்த இடம் கூவத்துக்குப் பக்கம், சதசதன்னு மண்ணு, மழை பெய்ஞ்சா தண்ணி நிக்கும். இன்னைக்கு நாம பைல் போடுவோம், அதாவது மண்ணுக்குள்ள ஆழமா தூண் இறக்குவோம். 1818ல அதுக்கான மெஷின் எங்க இருந்துச்சு. இங்கிலாந்துல அந்தக் காலத்துல மரக்கட்டையை அடிச்சு இறக்குவாங்க, நம்ம ஊர்ல மரத்தை ஈர மண்ணுக்குள்ள விட்டா என்ன ஆகும்னு உனக்கே தெரியும். டி ஹாவிலாண்ட் என்ன பண்ணினார்னா, இந்த நாட்டு ஆளுங்க காலங்காலமா ஆத்து மணல்ல, கடற்கரையில எப்படி அஸ்திவாரம் போடுறாங்களோ அதையே எடுத்துக்கிட்டார். கிணறு இறக்குறது. மொத்தம் சுமார் 150 கிணறு, இடத்துக்கு ஏத்த மாதிரி 14 அடியிலேர்ந்து 50 அடி ஆழம் வரைக்கும்.

முறை இதுதான். தரையில ஒரு வளையம் வைக்கிறது, சுட்ட மண் உறையோ செங்கல் கட்டின வளையமோ. ஒரு ஆள் உள்ள இறங்கி அடியில மண்ணைத் தோண்டி வெளிய அனுப்புவான், தோண்டத் தோண்ட வளையம் தன் பாரத்துலயே கீழ இறங்கும், மேல அடுத்த வளையத்தை வைப்பாங்க, அதுவும் இறங்கும். இப்படியே சேத்தையெல்லாம் தாண்டி கெட்டி மண்ணு வர்ற வரைக்கும் போவாங்க. அதான் ஒரு கிணறு 14 அடியில நின்னுடும் பக்கத்து கிணறு 50 அடி போகும், மண்ணுதான் ஆழத்தை சொல்லும், பிளான் சொல்லாது. அப்புறம் உள்ள கல்லும் சுண்ணாம்பும் போட்டு இறுக்கி, கிணத்துக்கு கிணறு மேல கட்டுமானத்தை இணைச்சு சுவர் எழுப்புறது. பாரம் முழுக்க மேல் சேத்துல நிக்காது, கீழ கெட்டி மண்ணுக்கு போயிடும். நீ படிக்கிற வெல் ஃபவுண்டேஷன் (கிணத்து அஸ்திவாரம்) பாடம் இதேதான், ரயில்வே பாலத்துக்கெல்லாம் இன்னைக்கும் போடுறாங்க.

ஹாஸ்டல்ல நம்பலைன்னா அவங்களை ஒரு ஞாயித்துக்கிழமை கீழடிக்கு கூட்டிட்டுப் போ. நம்ம சிவகங்கை மாவட்டம்தானே, காரைக்குடியிலேர்ந்து ரெண்டு மணி நேரம் கூட ஆகாது. அங்க குழியில சுட்ட மண் உறை ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி வெளிய வந்திருக்கு பாரு, உறைகிணறு. சங்கப் பாட்டுலயே உறைகிணறுங்கிற பேர் வருது. தண்ணிக்காக நம்ம ஆளுங்க 2000 வருசத்துக்கு முன்னாடி இறக்கின அதே உறையைத்தான் பாரம் தாங்குறதுக்கு அந்த மேஜர் கேட்டு வாங்கியிருக்கார். மேஜர் பேர் வரலாத்துல இருக்கு. 50 அடி ஆழத்துல மூச்சு முட்ட தோண்டினவன் பேர் இல்ல. பரீட்சையில இந்த கேள்வி வந்தா அவனையும் மனசுல வச்சுக்கிட்டு எழுது.

நம்ம ஊர் செம்மண்ணும் சரளையும், கொஞ்சம் தோண்டினா செம்புறாங்கல் வந்துடும், அதுனால செட்டிநாட்டு வீட்டுக்கு கிணறு இறக்க வேண்டிய தேவை வரல. கண்மாய்க் கரை ஓரம் களிமண்ல வீடு கட்டுறவங்க மட்டும் மண்ணைப் பாக்காம அஸ்திவார ஆழத்தை முடிவு பண்ணாதீங்க.

போன வருசம் கல்யாணத்துக்கு சென்னை போனப்ப பேரன் அந்தக் கோயிலுக்கு கூட்டிட்டுப் போனான். உள்ள தூணைத் தொட்டேன், எங்க ஐயா கட்டின வீட்டு பட்டாலை தூண் மாதிரியே சில்லுன்னு வழுவழுன்னு இருந்துச்சு. வெள்ளைக்காரனும் முட்டைப் பூச்சுதான் பூசினானா?
*ஆச்சி ஒருத்தர், கோனாபட்டு*

ஆச்சி, உங்க கை சொன்னது சரி. வட்டமா 16 தூண், தலையில இலை விரிஞ்ச மாதிரி வேலைப்பாடு, அது மேலதான் கூரை நிக்குது. அந்த தூணெல்லாம் செங்கல்லு, மேல சுண்ணாம்பு. பளிங்குன்னு நினைச்சுக்கிட்டு போறவங்கதான் நிறைய பேர். மெட்ராஸ் சுண்ணாம்புன்னு அதுக்கு உலகம் பூரா பேர், சுண்ணாம்புங்கிற நம்ம வார்த்தையையே சுனாம்னு இங்கிலீஷ்ல எடுத்துக்கிட்டாங்க. 1700கள்ல மெட்ராசுக்கு வந்த வெள்ளைக்காரங்க எல்லாம் வீட்டைப் பாத்து மார்பிள்னு நினைச்சு ஏமாந்து ஊருக்கு கடிதம் எழுதியிருக்காங்க.

செய்முறையும் உங்க ஐயா காலத்துல பாத்தது மாதிரியேதான். கடல் கிளிஞ்சலை சுட்டு, தண்ணி விட்டு நீத்து, வாரக்கணக்கா ஊற வச்சு, அம்மியில வெண்ணெய் மாதிரி அரைச்சு எடுக்குறது. முதல் பூச்சுக்கு சுண்ணாம்பும் மணலும், அடுத்த பூச்சு அதைவிட நைஸு, கடைசி பூச்சுல மணலே இருக்காது, முட்டை வெள்ளைக்கரு, தயிர், நெய்னு சேர்ப்பாங்க, கூட வெல்லத் தண்ணி. ஈரம் காயுறதுக்குள்ள வழவழப்பான கல்லை வச்சு தேய்ச்சு தேய்ச்சு, கை ஓயுற வரைக்கும் தேய்ச்சாத்தான் அந்த மினுக்கம் வரும். நம்ம பக்கம் கடுக்காய் ஊற வச்ச தண்ணியும் கருப்பட்டியும் சேர்த்து செக்குல காரை ஆட்டுவாங்க, மாடு சுத்தி சுத்தி வரும், சின்ன வயசுல நான் அது பின்னாடியே நடந்திருக்கேன், அந்த வாசம் இன்னும் மூக்குல இருக்கு. எங்க வளவுல எங்க அப்பச்சி ஒரு தூணைக் காட்டி, இதுல முகம் தெரியலைன்னா கூலி கிடையாதுன்னு ஐயா சொல்லித்தான் வேலை வாங்கினாராம்னு சொல்லுவாங்க. அந்தத் தூண்ல இன்னைக்கும் முகம் தெரியுது ஆச்சி.

ஒரு விசயம் மட்டும் சேர்த்து சொல்லணும். இது வெள்ளைக்காரன்கிட்ட இருந்து நமக்கு வந்ததுன்னு சில பேர் பேசுறாங்க, தப்பு. செட்டிநாட்டு பெரிய வீடெல்லாம் கிர்க்குக்குப் பின்னாடி, 1850லேர்ந்து 1940கள் வரைக்கும் எழும்பினதுதான், காலக்கணக்குல கிர்க் மூத்தது, வாஸ்தவம். ஆனா கிர்க்குல பூசின கை நம்ம நாட்டு கொத்தனார் கை. அவனுக்கு அந்த வேலை அப்பன் பாட்டன் சொல்லிக் குடுத்தது.

பள்ளத்தூர்ல எங்க பழைய வீட்டு மச்சுல கரையான் ஏறிடுச்சு. அந்த சர்ச்சுல கூரைக்கு மரமே போடலைன்னு சொல்றாங்களே, எப்படி?
*வாசகர், பள்ளத்தூர்*

மெட்ராஸ்ல கட்டடம் கட்டுற எல்லாருக்கும் அன்னைக்கு பெரிய எதிரி கரையான்தான் அண்ணே. பொதுவா நம்ம வீட்டுல போடுற மாதிரி, மர உத்தரம் குறுக்க போட்டு, செங்கல்லை சாய்வா குத்துக்கல்லா வச்சு சுண்ணாம்புல அடைக்கிற மெட்ராஸ் டெரஸ் கூரைதான் எங்கயும். டி ஹாவிலாண்ட் அந்த உத்தரமே வேணாம்னுட்டார். நடு மண்டபத்துக்கு மேல 51 அடி குறுக்களவுல கவிழ்த்து வச்ச கிண்ணம் மாதிரி ஒரு குவிமாடம், வளையமா ஒரு செங்கல் வளைவு அதைத் தாங்குது, பாரம் குறையணும்னு சுட்ட மண்ல செஞ்ச கூம்பு கூம்பா வச்சு இடத்தை நிரப்பியிருக்காங்க. உள்ள வெத்திடம் இருக்குற மண் கூம்பு, செங்கல்லை விட எடை கம்மி, தாங்குற சக்தி குறையல. மண்பானை செய்யுற ஊர்ல இருந்துதான் இந்த யோசனை வரும்!

அண்ணாந்து பாத்தா குவிமாடம் பூரா நீலம், தங்க நட்சத்திரம். ஸ்காட்லாந்துல ராத்திரி தெரியுற வானத்தைத்தான் அப்படி வரைஞ்சிருக்குன்னு சொல்லுவாங்க. வீட்டை விட்டு ஆறு மாசம் கப்பல்ல வந்தவன் தலைக்கு மேல சொந்த ஊர் வானத்தை வச்சுக்கிட்டான். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டு விக்கப் போன நம்மாளுங்க அங்கங்க தண்டாயுதபாணியை வச்சு கும்பிட்டதை நினைச்சா எனக்கு இது ரொம்ப புரியுது.

உங்க வீட்டு விசயத்துக்கு வரேன். செட்டிநாட்டு வீட்டு பர்மா தேக்கு வைரம் பாஞ்ச மரமா இருந்தா கரையான் லேசுல தொடாது, பின்னாடி ரிப்பேர்ல செருகின நாட்டு மரத்துலயும் பலகையில வைரம் பாயாத வெள்ளை பக்கத்துலயும்தான் ஏறும். கூரை ஒழுகுற இடத்தை முதல்ல கண்டுபிடிங்க. ஈரம் இருக்குற வரைக்கும் எந்த மருந்து அடிச்சாலும் அது திரும்ப வரும்.

சென்னை கிறித்துவக் கல்லூரியை ஆரம்பிச்சதும் இவங்கதானா?
*வாசகர், திருப்பத்தூர்*

வேர் அங்கதான். கிர்க்கோட பாதிரிமார் 1835ல எழும்பூர்ல சின்னதா ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினாங்க, 1837ல ஸ்காட்லாந்துலேர்ந்து ஜான் ஆண்டர்சன் வந்து அதை எடுத்துக்கிட்டு ஜார்ஜ் டவுன் ஆர்மீனியன் தெருவுக்கு மாத்தினார். 1843ல ஸ்காட்லாந்து சபையே ரெண்டா பிரிஞ்சப்ப ஆண்டர்சன் ஃப்ரீ சர்ச் பக்கம் போயிட்டார், பள்ளிக்கூடமும் அவர் கூடவே போச்சு. பின்னாடி முதல்வரா இருந்த வில்லியம் மில்லர் காலத்துல அது பெரிய காலேஜ் ஆகி, 1937ல தாம்பரத்துக்கு இடம் மாறுச்சு. பாரிமுனை பக்கம் ஆண்டர்சன் சர்ச்னு இன்னும் அவர் பேர்ல கோயில் இருக்கு.

மத்த மதத்துக்காரங்க உள்ள போய் பாக்கலாமா?
*வாசகி, கானாடுகாத்தான்*

தாராளமா பாக்கலாம். ஞாயித்துக்கிழமை காலையில ஆராதனை நடக்கும், சுத்திப் பாக்க மட்டும் போறவங்க வேற நாள்ல போங்க, வாசல்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு உள்ள போங்க, போட்டோ எடுக்குறதுக்கு முன்னாடியும் கேளுங்க. கறுப்பு வெள்ளை கட்டம் போட்ட தரை, பெரிய பைப் ஆர்கன் ஒண்ணு, அது இங்கிலாந்து யார்க்‌ஷயர்ல செஞ்சு 1883ல வந்தது. ஆர்கன் வாசிக்கிறப்ப கேக்கணும்னா மட்டும் ஆராதனைக்கு போய் கடைசி பெஞ்சுல அமைதியா உக்காருங்க. ஸ்டேஷன்லேர்ந்து நடந்தே போயிடலாம், ராத்திரி ரயிலுக்கு வந்து காத்துக்கிட்டு கிடக்குறவங்க சாயங்காலம் ஒரு மணி நேரம் முன்னாடியே வந்தா போதும்.

எங்க வீட்டு முகப்பு சுவர்ல கீழ மூணு அடிக்கு காரை உப்புப் பூத்து உதிருது. கொத்தனார் மொத்தமா கொத்தி எடுத்துட்டு சிமெண்ட் பூசிடலாம், எமல்ஷன் அடிச்சா பளிச்சுன்னு இருக்கும்ங்கிறார். வீட்டுக்காரரும் சரின்னுட்டார். உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டு ஆரம்பிக்கலாம்னு இருக்கேன்.
*வாசகி, கண்டனூர்*

ஆச்சி, வேணாம். தயவுசெஞ்சு வேணாம். கேட்டீங்களே, அதுக்கே உங்களுக்கு நன்றி சொல்லணும்.

எங்க சொந்த வளவுல நடந்ததை சொல்றேன். 20 வருசத்துக்கு முன்னாடி மேற்கு சுவர்ல இதே மாதிரி உதிர்ந்துச்சு, பங்காளிங்க எல்லாம் கூடி ஒரு காண்ட்ராக்டர்கிட்ட விட்டாங்க, நான் அப்ப வெளியூர்ல வேலையில இருந்தேன், வந்து பாக்குறப்ப ஆள் உயரத்துக்கு சிமெண்ட் பூசி முடிஞ்சிருந்துச்சு. ரெண்டு மழைக்காலம் நல்லா இருந்துச்சு. மூணாவது வருசம் உப்பு சிமெண்ட்டுக்கு மேல ஏறி, அதுக்கு முன்னாடி ஒண்ணும் ஆகாம இருந்த ஆறடி ஏழடி உயரத்துல காரை வெடிச்சுச்சு. அப்புறம் சிமெண்ட் பாளம் பாளமா விழுந்துச்சு, விழுறப்ப சும்மா விழல, செங்கல்லோட முகத்தையும் பிய்ச்சுக்கிட்டு விழுந்துச்சு. ஐயா காலத்து செங்கல், உள்ள மாவா இருக்கு. அந்த சுவரை நான் இப்ப கடந்து போறப்ப எல்லாம் கண்ணு அங்கதான் போகுது.

ஏன் இப்படி ஆகுதுன்னா, மண்ணுலேர்ந்து ஈரம் சுவர் வழியா மேல ஏறும், பழைய வீட்டுக்கு அது சகஜம். சுண்ணாம்பு அந்த ஈரத்தை வெளிய விட்டுடும், அது மூச்சு விடுற பூச்சு. சிமெண்ட் அடைச்சுக்கும், எமல்ஷன் இன்னும் அடைச்சுக்கும். வெளிய போக வழியில்லாத ஈரம் மேல ஏறும், கூடவே உப்பையும் தூக்கிக்கிட்டு போகும், அந்த உப்பு செங்கல்லுக்குள்ள படிஞ்சு பெருத்து உள்ளேர்ந்து உடைக்கும். சுண்ணாம்புக்கு இன்னொரு குணமும் உண்டு. சுட்ட கிளிஞ்சல் காத்துல இருக்குற கரியமில வாயுவை வாங்கி வாங்கி திரும்ப கல்லாவே மாறுது, நூலளவு விரிசல் வந்தா மழைத்தண்ணியில கரைஞ்சு தானே போய் அடைச்சுக்கும். கூவம் பக்கத்து சேத்துல, கடல் காத்துல, கிர்க் 200 வருசம் தாண்டி நிக்குதுன்னா கிணத்து அஸ்திவாரத்துக்கு பாதி புண்ணியம், மூச்சு விடுற சுண்ணாம்புக்கு பாதி புண்ணியம்.

நீங்க செய்ய வேண்டியது இவ்வளவுதான். முதல்ல சுவரை ஒட்டி வெளிய தண்ணி எங்க நிக்குதுன்னு பாருங்க, வாசல்ல பின்னாடி போட்ட சிமெண்ட் தளம் தண்ணியை சுவர்ப் பக்கம் தள்ளுதான்னு பாருங்க, பெரும்பாலும் வினை அங்கதான் இருக்கும், அந்த சிமெண்ட்டை ரெண்டடி அகலத்துக்கு சுவர் ஓரமா உடைச்சு எடுத்து மண்ணும் சரளையும் போட்டு வாட்டத்தை வெளிப்பக்கம் மாத்துங்க. உதிர்ற இடத்தை மட்டும் மெதுவா எடுங்க, நல்லா இருக்குற காரையை தொடவே கூடாது, தட்டிப் பாத்தா சத்தம் சொல்லும், கெட்டியா டங்குன்னா விட்டுடுங்க, டொப்புன்னு கேட்டா எடுங்க. செங்கல்ல இருக்குற உப்பை காய்ஞ்ச பிரஷ்ஷால தட்டி எடுங்க, தண்ணி ஊத்தி கழுவினா திரும்ப உள்ள போயிடும். ஒரு கோடை முழுக்க சுவரைத் திறந்து காய விடுங்க. பாக்க அசிங்கமாத்தான் இருக்கும், வர்றவங்க கேப்பாங்க, கேக்கட்டும். அப்புறம் நீத்த சுண்ணாம்பு, மணல், கடுக்காய்த் தண்ணியில ரெண்டு பூச்சு, ஒவ்வொண்ணுக்கும் நடுவுல வாரக்கணக்கா இடைவெளி, வெயில் நேரா படாம ஈரச்சாக்கு தொங்க விட்டு காய வைக்கணும். அவசரப்படுறவர்கிட்ட இந்த வேலையை குடுக்காதீங்க.

முட்டைப் பூச்சு தெரிஞ்ச பெரிய கொத்தனாருங்க நம்ம பக்கம் இன்னும் இருக்காங்க ஆச்சி, ஆத்தங்குடி, காரைக்குடி பக்கம் பழைய வீடு வேலை நடக்குற இடத்துல விசாரிங்க, வயசானவரா இருப்பார், கூட ஒரு சின்னப் பையனையும் வேலைக்கு வைக்கச் சொல்லி அவனுக்கும் சேர்த்து கூலி குடுங்க. வீட்டுக்காரர்கிட்ட இந்தப் பக்கத்தைக் காட்டுங்க. கொத்தனார் வேலையை நாளைக்கே ஆரம்பிக்கிறேன்னு வந்து நின்னா, கோடை முடியட்டும்னு சொல்லி அனுப்பிடுங்க.